இன்றைக்கு இருக்கும் உடம்புக்கு

செஞ்சியில் என் இடுப்பு எத்தனை இஞ்சு என்று தெரியாதவர்கள் குறைவு. அதற்கு டைலரக்காதான் காரணம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகும் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில் அவருடைய கடை இருந்தது. அளவு எடுக்கும்போது அவர் நாடாவைப் பிடித்து எண்ணைச் சொல்வார். மூலையில் மிஷின் மிதித்துக்கொண்டிருக்கும் பெண் அதை நோட்டில் எழுதிக்கொள்வாள். மிஷின் சத்தத்தை மீறிச் சொன்னால்தான் அவளுக்குக் கேட்கும். அவளுக்குக் கேட்டால் ஜெராக்ஸ் கடைக்கும் கேட்கும். "மார்பு நாப்பது! இடுப்பு முப்பத்தி ஏழு!" ஜெராக்ஸ் கடைக்காரர் பண்புள்ள மனிதர். எண் காதில் விழுந்ததும் குனிந்து தன் மிஷினுக்குப் பேப்பர் போட ஆரம்பித்துவிடுவார். பேப்பர் நிறைய இருக்கும்போதும் போடுவார்.

"கொஞ்சம் மெதுவா சொல்லுங்கக்கா" என்று கெஞ்சியவர்கள் உண்டு. நானும் கெஞ்சியிருக்கிறேன்.

"மெதுவா சொன்னா கொறஞ்சிடுமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்.

அவர் மகள் வீட்டோடு இருக்க ஓசூருக்குப் போய் நான்கு வருடம் ஆகிறது. அந்தக் கடையில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். நான் அந்தச் சந்து வழியாகப் போகும்போது இன்னமும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறேன்.

ஆள் உயரம், ஒல்லி. கழுத்தில் எப்போதும் நாடா தொங்கும். ஊருக்கெல்லாம் பிடித்தாற்போல் தைத்துக் கொடுத்தவருடைய சொந்த ஜாக்கெட் மட்டும் தொளதொளவென்று கிடக்கும். இடது தோள் நழுவாமல் இருக்க ஓர் ஊக்கு குத்தியிருப்பார். அடுத்தவர்களுக்குத் தைப்பதிலேயே பொழுது போய்விடுகிறது, பாவம், தனக்குத் தைக்க நேரமில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

அளவு ஜாக்கெட் என்று எங்கள் பக்கத்தில் ஒரு வசதியான வழக்கம் உண்டு. உடம்புக்குச் சரியாக இருக்கும் பழைய ஜாக்கெட் ஒன்றைப் புதுத் துணியோடு கொடுத்துவிட்டால், டைலர் அதை வைத்துத் தைத்துவிடுவார். நாம் போய் நிற்க வேண்டாம், எண்ணும் வெளியே வராது. டைலரக்காவிடம் அது நடக்காது. பையிலிருந்து எடுக்கும்போதே திருப்பித் தள்ளிவிடுவார்.

"இது போன வருஷத்து ஆளு. அவ வந்தா அவளுக்குத் தெச்சித் தரேன். நீ இப்டி வந்து நில்லு."

இளைக்கப் போகிறேன், சுருக்கித் தையுங்கள் என்றாலும் இதே கதைதான். "இன்னிக்கு இருக்கற ஒடம்புக்குத்தான் தெப்பேன். நாளைக்கு வர்ற ஒடம்புக்கு நாளைக்கு வா" என்பார். தன் கடையில் சொல்வதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கூட வரச் சொன்னால் எந்தக் கடைக்கும் வருவார். செருப்புக் கடையில், பாத்திரக் கடையில், ஃபேன் கடையிலும் இதையேதான் சொல்வார். எங்கள் ஆபீஸ் பியூன் பெரிய வீடு கட்டப் போகிறேன் என்று பெரிய ஃபிரிட்ஜாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "வூடு கட்டி முடி. அதுவரைக்கும் இப்ப இருக்கற சமையக்கட்டுக்கு வாங்கு" என்று கதவு அகலத்தை அளந்து காட்டி சின்னதை வாங்க வைத்தார். வீடு இன்னும் கட்டவில்லை.

அவலூர்பேட்டையிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அப்போது கடையில் இருந்தேன். பெண்ணுக்கு அளவெல்லாம் எடுத்து முடித்த பிறகு அந்த அம்மா மெதுவாக ஆரம்பித்தாள்.

"கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குது. பொண்ணு டயட்ல இருக்குது. ரெண்டு இஞ்சு கொறச்சித் தெச்சிடுங்க."

"கொறஞ்சப்புறம் கூட்டிகினு வாங்க."

"அப்ப தெக்கறதுக்கு டைம் இருக்காதே."

"அப்ப கொறயாமயே கூட்டிகினு வாங்க."

அந்த அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. துணியைப் பிடுங்கிக்கொண்டு திண்டிவனத்தில் வேறு டைலரிடம் கொடுத்தாள். அந்த டைலர் அவள் கேட்டபடி இரண்டு இஞ்சு குறைத்துத் தைத்துக் கொடுத்தார். பெண் டயட்டில் இருந்தாள், ஆனால் விருந்து வைத்த சொந்தக்காரர்கள் யாரும் டயட்டில் இல்லை. முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது மண்டபத்து மணப்பெண் அறையில் நாலு பேர் சேர்ந்து இழுத்தும் கொக்கி சேரவில்லை. மாப்பிள்ளை எங்கள் ஆபீஸ்காரரின் தம்பி என்பதால் நானும் இழுத்தவர்களில் ஒருத்தி. அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு டைலரக்கா வந்தார். கையில் மஞ்சள் பை இருந்தது. அதற்குள் அரக்கு நிறத்தில் ஒரு ஜாக்கெட், புடவைக்கு ஏற்ற நிறம், பெண்ணுக்குச் சரியான அளவு. அன்று கடையில் புடவையை ஒருமுறை பார்த்ததுதான். யாரும் அவரைத் தைக்கவும் சொல்லவில்லை, கல்யாணத்துக்கு அழைக்கவும் இல்லை.

"அளவு எடுத்தாச்சு. வீணாப் போவக் கூடாதேன்னு தெச்சேன்" என்றார்.

பெண்ணின் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா பந்தியில் உட்கார்ந்து இரண்டு முறை ரசம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கடை திறக்கும் நேரத்துக்குப் போய்விட்டார்.

இப்படிப்பட்டவரைத்தான் நான் கடலில் அலை மேல் நிற்கும் பலகை வாங்கக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டிக்கொண்டு போனேன் என்று சொல்வதுகூடத் தப்பு. அவராக வந்தார்.

நான் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட். முப்பத்தொன்பது வயதில் ஆபீஸ் ஆட்களோடு புதுச்சேரிக்குச் சுற்றுலா போனபோது, ஒரு கடற்கரையில் அலைச்சறுக்கு கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறந்த ஊரான அனந்தபுரத்தில் கிணற்றில் குதித்து நீந்திய தைரியத்தில் நானும் பெயர் கொடுத்தேன். கதவு மாதிரி பெரிய ஸ்பாஞ்சு பலகை ஒன்றில் குப்புறப் படுக்க வைத்து அலையில் தள்ளிவிட்டார்கள். எப்படியோ எழுந்து நின்றுவிட்டேன். இரண்டு விநாடி நின்றிருப்பேன். அந்த இரண்டு விநாடியும் ஆபீஸ் இல்லை, அடுப்பு இல்லை, முட்டி வலி இல்லை. அப்புறம் மூக்கு நிறைய உப்புத் தண்ணீரோடு எழுந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அழுதது அதற்கு முன் கிடையாது.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் புதுச்சேரி பஸ் ஏறினேன். "நின்னுட்டு வர்றதுக்கா அவ்ளோ தூரம் போற? பஸ்லயே நின்னுகினுதான போற" என்றார் வீட்டுக்காரர். தடுக்கவில்லை. தானாக விட்டுவிடுவேன் என்று காத்திருந்தார். ஐந்து மாதம் போனேன். செஞ்சி பஸ் போய்ச் சேர்வதற்குள் பெரிய பலகைகளைச் சென்னையிலிருந்து காரில் வந்தவர்கள் எடுத்திருப்பார்கள். எனக்கு மிஞ்சுவது குட்டைப் பலகை. ஐந்து மாதத்தில் ஒருமுறைகூட என்னால் மறுபடி நிற்க முடியவில்லை. சீட்டு எடுத்த பணத்தில் சொந்தமாக ஒரு பலகை வாங்குவது, அதிலும் நிற்க முடியாவிட்டால் இந்த ஆசையைத் தலைமுழுகிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரே ஒருமுறை கரை மணல் வரைக்கும் நின்றபடி வந்துவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

என்ன பலகை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கற்றுக்கொடுக்கும் பெண் வைத்திருந்தாளே, ஏழடிக்கு ஒல்லியாக, மூக்கு கூராக, அதே மாதிரி. பெரிய பலகை என்றால் கத்துக்குட்டி என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு போவது போல எனக்குப் பட்டது.

இழுபடும் துணியில் கடலுக்கென்று ஒரு முழுக்கை உடுப்பு தைக்க டைலரக்காவிடம் போனபோது இதையெல்லாம் சொன்னேன். கொஞ்சம் சிக்கென்று தையுங்கள், போகப் போக இளைத்துவிடுவேன் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"எளச்சப்புறம் வா. இத்த போட்டுகினு இன்னா செய்வ?"

"படுத்துக்கினு போவேன். அலை வந்ததும் எழுந்து நிப்பேன்."

அவர் கட்டிங் மேசையில் இருந்த துணிகளை எல்லாம் எடுத்துக் கீழே வைத்தார். "செஞ்சிக் காட்டு."

கடையில் இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அக்காவிடம் வெட்கப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. மேசையில் குப்புறப் படுத்தேன், கையால் துழாவினேன், எழுந்து நின்றேன். மறுபடி செய்யச் சொல்லி, நான் எழும்போதே முதுகில் நாடாவை வைத்து, "படுத்தா பதினாறு! எழுந்தா பதினேழரை!" என்று கத்தினார். பக்கத்துக் கடையில் பேப்பர் போடும் சத்தம் கேட்டது. மூன்றாவது முறை அவர் நாடாவை விட்டுவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார்.

"படுத்த எடத்துலேர்ந்து நிக்கறதுக்கு உனுக்கு நாலு எண்ணுற நேரம் ஆவுது. அலை நாலு எண்ணுற வரைக்கும் உனுக்காக நிக்குமா?"

"நிக்காதுக்கா."

"அப்ப பலகதான் நிக்கணும்."

பிறகு என்னை இஸ்திரி போடும் பெஞ்சுக்குக் கூட்டிப்போய் அதிலும் அதையே செய்யச் சொன்னார். அது ஒரு முழ அகலம்கூட இருக்காது. எழுந்த வேகத்தில் சாய்ந்து, யாருடைய சுடிதார் துணி மேலேயோ விழுந்தேன்.

"மேசல நின்ன. பெஞ்சுல விழுந்த. இதுக்கு மேல யாரையும் போயி கேக்காத."

எனக்கு எரிச்சலாக இருந்தது. கடல் வேறு, கட்டிங் மேசை வேறு, உங்களுக்கு இதெல்லாம் தெரியாது என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. வர ஞாயிற்றுக்கிழமை அமாவாசை, பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர் கோயிலுக்கு ஸ்பெஷல் விட்டுவிடுவான், விடிகாலையிலேயே கிளம்ப வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

பலகைக் கடை என்பது கடற்கரையை ஒட்டிய சவுக்குத் தோப்பில் ஓர் ஓலைக் கொட்டகை. மீன்பிடிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் உடைந்த பலகைகளைச் சரிசெய்வார், பழையதை விற்பார், புதியதும் செய்வார். மூங்கில் சட்டங்களில் பலகைகள் சாய்ந்து நின்றன. நான் நேராகப் போய் நீலநிற ஏழடிப் பலகையைத் தொட்டேன். கொட்டகைக்காரருக்கு என் கண்ணைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

"நல்ல பலகைக்கா. இப்ப கொஞ்சம் கஷ்டமா இருக்கும். ஆறு மாசத்துல இதுக்கு வந்துடுவீங்க. இப்பவே வாங்கிட்டா ரெண்டு தடவ வாங்க வேணாம்."

எனக்கு அது தேவவாக்காக இருந்தது. டைலரக்கா குறுக்கே வந்தார்.

"ஆறு மாசம் கழிச்சி வர்ற அக்காவுக்கு அத்த எடுத்து வெய்யி. இப்ப வந்திருக்கற அக்காவுக்கு ஒண்ணு காட்டு."

கொட்டகைக்காரர் சிரித்துவிட்டார். எடை எவ்வளவு என்று என்னைக் கேட்டார்.

"அறுபத்தஞ்சு" என்றேன்.

"எழுபத்தி நாலு!" என்றார் அக்கா. வெளியே பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்த இரண்டு வெள்ளைக்காரர்களும் ஒரு ஹிந்திக்காரப் பையனும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அதன் பிறகு அவர்கள் இருவரும் என்னை மறந்துவிட்டார்கள். எது முதலில் அலையைப் பிடிக்கும், எது ஆளை நிதானமாகத் தள்ளும், எதன் மூக்கு தண்ணீரில் குத்தும் என்று அக்கா கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே வந்தார். நீளமாக இருந்தால் சின்ன அலையே தூக்கிக்கொண்டு போகும், தடிமனாக இருந்தால் ஆள் ஏறினாலும் அமிழாது, அகலமாக இருந்தால் ஆடாது, ஓரம் மழுங்கி உருண்டையாக இருந்தால் தப்பாகக் கால் வைத்தாலும் மன்னிக்கும். திருப்புவதுதான் கஷ்டம். "அவ எங்க திரும்பப் போறா? மொதல்ல நேரா வரட்டும்" என்றார் அக்கா.

ஒன்பதரை அடிப் பலகை ஒன்றை என் கக்கத்தில் கொடுத்தார்கள். என் விரல் நுனி அதன் கீழ் ஓரத்தைத் தொடவில்லை. அக்கா என் கையைத் தோளிலிருந்து அளந்து, பலகையின் அகலத்தையும் அளந்து, "இத்த தூக்கிகினு தண்ணிக்குப் போறதுக்குள்ளயே இவ ஓஞ்சிடுவா" என்று தள்ளினார். இன்னொன்று நீளம் சரி, ஆனால் ஓரம் கத்தி மாதிரி மெலிதாக இருந்தது. அது தேர்ந்தவர்களுக்கு. கடைசியில் மூலையிலிருந்து ஒரு பழைய பலகையை இழுத்துக்கொண்டு வந்தார் கொட்டகைக்காரர். பழுத்த பூவரச இலையின் மஞ்சள். மூக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒட்டுப் போட்டிருந்தது. அக்காவின் நாடா அறுபது இஞ்சுதான். ஒருமுறை வைத்து, விரலால் அடையாளம் பிடித்து, மறுபடி வைத்தார்.

"நீளம் நூத்திப் பத்து! அகலம் இருவத்தி ரெண்டர! கனம் மூணு!"

எழுதிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. பழக்கம்.

ஒட்டை நகத்தால் சுற்றிலும் தடவிப் பார்த்தார். காதை வைத்துத் தட்டிப் பார்த்தார். "இது யாரு போட்டது?"

"நான்தான்க்கா. தண்ணி எறங்காது."

"நல்லா போட்டிருக்க."

அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். கொட்டகைக்காரர் முகம் மலர்ந்துபோனது. என் முகம் அப்படி ஆகவில்லை. ஏழடி நீலப் பலகையைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு மஞ்சளை வாங்கினேன். அக்கா சொன்னதெல்லாம் உண்மை என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

பலகையை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார் கொட்டகைக்காரர். காசு கொடுத்து வாங்கிய பொருளைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது எங்கள் ஊரில் இல்லாத வழக்கம். புதுச்சேரி மார்க்கெட்டில் காய் இறக்கிவிட்டு செஞ்சிக்குத் திரும்பும் குட்டி யானை வண்டி ஒன்றில் ஏற்றிக் கட்டினோம். வழி முழுக்க நான் அக்கா பக்கம் திரும்பாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். எழுபத்து நாலு என்ற சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்றைக்கு எனக்கு அவரைப் பிடிக்கவே இல்லை.

என் வீட்டு மாடிப்படி வளைவில் பலகை திரும்பவில்லை. அதனால் அடுத்த ஞாயிறு வரைக்கும் அது டைலரக்கா கடையில் இருந்தது. மேல்மலையனூர்க் குங்குமத்தில் மூன்று பொட்டு வைத்துச் சுவரோரம் நிறுத்தியிருந்தார். ஜாக்கெட் வாங்க வந்தவர்கள் எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். இது யாருக்கு என்று கேட்டவர்களுக்கு, பெயரோடு எடையும் சேர்த்துச் சொல்லப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் பலகையை ஏற்றிக்கொண்டு தனியாகப் போனேன். முதல் அலை வந்தது. பலகை என்னைத் தூக்கிக்கொண்டு போன விதத்தில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. கால் ஊன்றினேன். எண்ணெயில் வைத்தது போல வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது அலையிலும் அதேதான். பத்து முறை விழுந்து, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு கரையேறினேன். கொட்டகைக்காரர் பலகையைத் தடவிப் பார்த்தார். கால் வழுக்காமல் இருப்பதற்காக அவர் மேலே மெழுகு தேய்த்துக் கொடுத்திருந்தார். அது சின்னச் சின்னக் கட்டியாக, சொரசொரவென்று இருந்தால்தான் கால் நிற்கும். இப்போது அது கண்ணாடி மாதிரி பளபளத்தது.

அங்கிருந்தே போன் செய்தேன். "அக்கா, மெழுக இன்னா பண்ணீங்க?"

"கட்டி கட்டியா அசிங்கமா இருந்துது. மேல துணி போட்டு லேசா இஸ்திரி போட்டேன்."

"அது கட்டி கட்டியாதான் இருக்கணும்!" என்று கத்தினேன். அழுகையும் வந்தது. "இல்லன்னா நிக்க முடியாது. நான் விட்டுடறேன்க்கா. எனக்கு இது வராது. பலகய வித்துடறேன்."

அந்தப் பக்கம் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"தப்புதான்" என்றார் அக்கா. "வர ஞாயித்துக்கெழம நான் வரேன். அதுக்கப்புறம் வித்துக்கோ."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டவர் செஞ்சியில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. என் கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. பலகையைக் கொட்டகையில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் வந்தவர், என்னை ஓரமாக உட்கார வைத்துவிட்டு முழுப் பலகையையும் சுரண்டினார். கொட்டகைக்காரர் கற்றுக்கொடுத்தபடி புது மெழுகை வட்டம் வட்டமாகத் தேய்த்தார். பித்தான் வைத்துத் தைத்த மாதிரி வரிசையாகக் கட்டி எழும்பும் வரைக்கும் விடவில்லை. ஒருமணி நேரம் ஆனது. "போ" என்றார்.

முதல் இரண்டு அலையில் விழுந்தேன். மூன்றாவது ஒன்றும் பெரிய அலை இல்லை. மற்றவர்கள் வேண்டாம் என்று விட்ட அலை. மஞ்சள் பலகை அதை முன்னாலேயே பிடித்துக்கொண்டு நிதானமாகப் போக ஆரம்பித்தது. நான் கையை ஊன்றினேன், முட்டி போட்டேன், ஒரு காலை வைத்தேன், இன்னொரு காலை வைத்தேன். நாலு எண்ணும் நேரம் ஆகியிருக்கும். பலகை அவசரப்படவில்லை. நின்றுவிட்டேன். கரை என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. சவுக்குத் தோப்பு வந்தது, கொட்டகை வந்தது, முழங்கால் தண்ணீரில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்ற அக்கா வந்தார். பலகைக்கு அடியில் மீனுக்கு இருப்பது போல் நீட்டிக்கொண்டிருந்த துடுப்பு மணலில் உரசி நின்றபோதுதான் நான் இறங்கினேன்.

"பதினொண்ணு!" என்று கத்தினார் அக்கா.

கடற்கரையே திரும்பிப் பார்த்தது. நின்ற விநாடிகளை எண்ணியிருக்கிறார். என்னைப் பற்றி ஒரு எண்ணை ஊர் கேட்க அவர் கத்தி, நான் இன்னொரு முறை கத்தச் சொன்னது அன்றுதான். கத்தினார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நான் ஈரமாக இருக்கிறேன், புடவை பாழாகிறது என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

கொட்டகைக்காரர் சும்மா இருக்காமல், "நீங்களும் ஒருதடவ படுத்துப் பாருங்கக்கா. எடை, உயரம் சொல்லுங்க, ஏத்தாப்புல பலகை எடுத்துத் தரேன்" என்றார்.

"அதெல்லாம் எனுக்கு எதுக்கு" என்று அக்கா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடல் காற்று ஓங்கி அடித்தது. தோளில் இருந்த ஊக்கு பிடுங்கிக்கொண்டு, ஜாக்கெட் முழங்கை வரை நழுவியது. அவசரமாக முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். போர்த்துவதற்குள் பார்த்துவிட்டேன். அந்த ஜாக்கெட்டுக்குள் இன்னொரு ஆள் நுழையலாம்.

பஸ்ஸில் திண்டிவனம் தாண்டும் வரைக்கும் பொறுத்திருந்து கேட்டேன். "உங்க ஜாக்கெட்ட எந்த அளவுல தெக்கறீங்கக்கா?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "அளவு ஜாக்கெட் ஒண்ணு வெச்சிருக்கறேன்."

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"மஞ்சக்காமால வந்துது. ஒடம்பு எறங்கிப் போச்சு. ஏறிடும்னு பாத்தேன்." முந்தானையால் தோளை மூடிக்கொண்டு, "ஒம்போது வருஷமா பாத்துகினு இருக்கறேன்" என்றார்.

மறுநாள் ஆபீஸ் விட்டதும் நேராகக் கடைக்குப் போனேன். அவர் கழுத்திலிருந்து நாடாவை எடுத்தேன். தடுக்கவில்லை. தன் முதுகைத் தானே அளக்க முடியாது என்று ஏதோ முணுமுணுத்தார். ஊரையே நிற்க வைத்த இடத்தில் கையை லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றார். மிஷின் பெண் நோட்டை எடுத்துக்கொண்டாள். மிதிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. நாடாவைச் சுற்றிப் பிடித்தேன். எண்ணைப் பார்த்தேன். இரண்டு கூட்டிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

"மெதுவா சொல்லும்மா" என்றார் அக்கா.

"மெதுவா சொன்னா ஏறிடுமாக்கா?" என்று கேட்டுவிட்டுக் கத்தினேன். "மார்பு முப்பது! இடுப்பு இருவத்தி ஆறு!"

பக்கத்தில் ஜெராக்ஸ் கடைக்காரர் பேப்பர் போட ஆரம்பித்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு நோட்டை வாங்கி எண்களைப் பார்த்தார், தலையை ஆட்டினார், துணியை விரித்தார். பின்னால் பிரித்துப் பெரிதாக்க உள்ளே ஓர் இஞ்சுகூட விடாமல் வெட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை புது ஜாக்கெட்டில் வந்தார். ஊக்கு இல்லை. கொட்டகைக்காரரிடம் நேராகப் போய், கடை வாசலில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார்: "எடை நாப்பத்தி ஆறு. நீச்சல் தெரியாது. வயசு நாப்பத்தி ஆறு. இதுக்கு எந்தப் பலக?"

அவர் யோசித்துவிட்டு என் மஞ்சள் பலகையைக் காட்டினார். இடுப்பளவு தண்ணீரில் அதில் அக்காவைக் குப்புறப் படுக்க வைத்தேன். இரண்டு ஓரத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நுரை வந்ததும் வாலைத் தள்ளிவிட்டு, நான் கரைக்கெல்லாம் கேட்கும்படி எண்ணினேன். கொஞ்ச தூரம் நேராகப் போய்ப் பக்கவாட்டில் சரிந்து விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கினேன். தலையெல்லாம் மணல். இருமி முடித்ததும் முதலில் கேட்டது இதைத்தான்.

"எத்தினி?"

"ஆறுக்கா."

"ஏழு இருக்கும்."

"ஆறுதான்."

முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, ஆறுன்னே எழுதிக்க" என்றார்.